கறிவேப்பிலையடியில் நெருஞ்சி

1

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட வெறுங்காலோடு பின்கட்டுக்குப் போன என் மகள் கயல், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அம்மா, என்னமோ கடிச்சிருச்சு. பூச்சி கிச்சியான்னு பாருங்க."

காலைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் கொம்பு வைத்த ஒரு முள். பிடுங்கியதும் ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"பூச்சி இல்லட்டி. நெருஞ்சி முள்ளு."

"அப்படின்னா?"

நாங்கள் பினாங்குக்கு வந்த வருஷம் பிறந்தவள் அவள். பதினேழு வயதாகிறது. நெருஞ்சி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியமெல்லாம், பதினேழு வருஷமாக இந்தத் தீவில் நான் ஒரு தடவைகூடப் பார்க்காத நெருஞ்சி இப்போது எங்கிருந்து வந்தது என்பதுதான். மழையிலேயே ஊறிக் கிடக்கும் இந்த ஊரில் அதற்கு என்ன வேலை?

பின்னால் போய்ப் பார்த்தேன். ஜெலுத்தோங்கில் நாங்கள் இருப்பது வரிசை வீடு, வாடகைக்கு. பின்பக்கம் நாலு எட்டு நடக்க மண் தரை உண்டு. அதன் மூலையில் ஒரு கறிவேப்பிலை. அதனடியில் தரையோடு தரையாகப் படர்ந்து, சின்னச் சின்னதாக மஞ்சள் பூ. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குத் தும்பை, வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கும் அந்தப் பக்கம் ஊதாப் பூவோடு கொழுஞ்சி.

ஒன்று மட்டும் இருந்திருந்தால் விட்டிருப்பேன். மூன்றும் சேர்ந்து ஒரே மூலையில் முளைப்பதை எங்கள் ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"தானா முளைச்சிருக்கும், செல்வி" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். கடல் பாலத்தைத் தாண்டி, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர் அவர். ஒரு திருகாணி கழன்றாலும் ஏன் கழன்றது, எப்போது கழன்றது என்று மூன்று பக்கம் அறிக்கை எழுதுகிற மனிதர். அவர் தானாக என்று சொன்ன உடனேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

2

எனக்குச் சந்தேக புத்தி என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். வெளிநாட்டில் குடும்பம் நடத்துகிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. இங்கே வரும் ஒவ்வொரு தபாலையும் நான் இரண்டு முறை படிப்பேன். மலாய் எனக்குப் பாதிதான் புரியும் என்பதால், புரியாத பாதியில்தான் வில்லங்கம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வேன்.

முதலில் சந்தேகப்பட்டது புல் வெட்ட வரும் முனியாண்டி அண்ணனை. மாதம் ஒரு தரம் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு வருவார். ஊரிலுள்ள எல்லா வீட்டுப் புல்லையும் அதே கத்தியால்தான் வெட்டுகிறார். எந்த வீட்டு விதையை எங்கே கொண்டுவந்து போட்டாரோ. ஃபோன் போட்டு வரச் சொன்னேன். வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாகப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த வெள்ளைப் பூவு மாரி இங்கயும் ஒன்னு இருக்கு அக்கா. மத்தது ரெண்டும் நம்ம புல்லு இல்ல. நான் பைராம் தோட்டத்துல பொறந்தவன். செம்பனைக்கடியில என்ன முளைக்கும், எது முளைக்காதுன்னு நல்லாத் தெரியும். இது வெளிப் புல்லு லா."

"வெளிப் புல்லு எப்படிண்ணே உள்ள வரும்?"

"அதை நீங்கதான் சொல்லணும். வெட்டிறவா? முள்ளு வேற இருக்கு. பிள்ளை கால்ல குத்துதுங்கிறீங்க."

"இருக்கட்டும். யாரு கொண்டாந்ததுன்னு தெரியாம எடுக்கக் கூடாது."

"போலீஸ்கார அம்மா மாரி பேசுறீங்களே" என்று சிரித்தார். பிறகு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு, "வருஷக் கடைசியில ஊருக்குப் போறவங்க, புல்லுக்குப் போயி இவ்வளோ யோசிக்கிறீங்க" என்றார்.

ஆமாம், போகிறோம். அதை ஊரிலிருக்கும் உங்களுக்கும் பல கடிதங்களில் எழுதியிருக்கிறேன். கயல் பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவம் எழுதி முடித்ததும் கிளம்புவதென்று முடிவு. கணவரின் பூர்வீக வீட்டில், அவருடைய அண்ணன் குடும்பத்தோடு இருக்கப் போகிறோம். மாடி அறை எங்களுக்கு. இதைச் சந்தைக்கடைக்காரர் முதல் கயலின் பள்ளி வேன் ஓட்டுநர் வரை நான் சொல்லாத ஆள் கிடையாது. கயல் மட்டும் இந்தப் பேச்சு வந்தாலே காதில் எதையாவது செருகிக்கொள்வாள். "நீங்க ரெண்டு பேரும் போங்க லா, நான் ஹாஸ்டல்ல இருந்துக்கிறேன்" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள். அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

3

செவ்வாய்க்கிழமை நகராண்மைக் கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். கழுத்தில் அட்டை, கையில் டார்ச் விளக்கு. வெளிநாட்டுச் செடி வளர்க்கிறோம் என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா இரண்டு நாளாக வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு நினைவுக்கு வந்தது.

அந்த இளம் அதிகாரி என்னவோ கேட்டார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் முந்திக்கொண்டு, அந்தப் பூ என்னுடையது இல்லை, நான் வைக்கவில்லை, என் கணவருக்கும் தெரியாது என்றேன். அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட வந்தவரைப் பார்த்தார். பிறகு பொறுமையாக, வாளியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, கொசுப்புழு இருக்கிறதா என்றுதான் கேட்டேன் என்று சொல்லி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் இதைச் சொன்னபோது கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை. "அவங்க அந்த மண்ணைத் தொட்டுப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

நான் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

குடிநுழைவு அலுவலகத்தில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என் பெயருக்கு எதிரே எழுதியிருப்பது, இன்னாரைச் சார்ந்திருப்பவர் என்று. விசாவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் முகப்பில் இருப்பவர், இன்னும் எத்தனை காலம் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பார். நானும் இரண்டு வருஷம் என்பேன். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்று கற்றுக்கொண்டேன். யாரும் கேட்காததைப் பேசுகிறவன் எதையோ ஒளிக்கிறான். அதைத்தான் காலையில் நானே செய்திருந்தேன். இப்போது என் கணவர் செய்தார்.

4

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கறிவேப்பிலையடியில் உட்கார்ந்து விரலால் கிளறினேன். மேலே நாங்கள் மூட்டையில் வாங்கிப் போட்ட கறுப்பு மண். ஒரு விரல்கடை ஆழத்தில், சிவப்பாக, மாவு போல நைஸாக ஒரு மண். கையில் ஒட்டினால் எளிதில் போகாத சிவப்பு. கண்ணைக் கட்டிவிட்டு உள்ளங்கையில் வைத்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். தேரி மண்.

பங்குனி உத்திரத்துக்கு அவர் மட்டும் ஊருக்குப் போய் வந்தார். கயலுக்குப் பள்ளி இருந்ததால் நான் போகவில்லை. நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போவது உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய சாஸ்தா இருப்பது தேரிக்காட்டுக்குள்ளே. திரும்பி வந்ததிலிருந்து, அதுவரை ஒரு செடிக்கும் தண்ணீர் காட்டாதவர், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பின்கட்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். பாலத்தில் நெரிசல் என்று வழக்கமாக ஆறரைக்கே ஓடுகிறவர். நான் அப்போதே சந்தேகப்பட்டேன், ஆனால் வேறு திசையில். யாரோடோ ஃபோனில் பேசுகிறாரோ என்று ஜன்னல் வழியாக இரண்டு நாள் ஒளிந்து பார்த்தேன். கையில் ஃபோன் இல்லை என்றதும் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"இது என்ன?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டென்று வயதாகிவிட்டது போல இருந்தது.

"பிடிமண்ணு."

பிடிமண் என்றால் சும்மா ஊர் நினைவுக்கு எடுத்து வருகிற மண் இல்லை. குலசாமி கோயிலில் கேட்டு, ஒரு பிடி அள்ளி, மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு போய் வேறு ஊரில் வைத்தால், அந்த வீட்டுக்காரருக்கு அதற்குப் பிறகு சாமி அங்கேதான். திரும்பப் போகிறவன் பிடிமண் எடுக்க மாட்டான்.

"யார கேட்டு எடுத்தீங்க?"

"அண்ணன்தான் குடுத்தாவ. கோயில்ல எல்லாரும் நிக்கும்போது கையில வச்சு அமுக்கிட்டாவ. வேண்டாம்னு எப்படிச் சொல்ல? முறுக்கு டப்பாக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். ஏர்போர்ட்டுல மண்ணு, விதை, செடி கொண்டுவரக் கூடாதுன்னு பெருசா எழுதிப் போட்டிருக்கான். எனக்கு வேர்த்து ஊத்திட்டு. பையத் தொறக்கச் சொல்லல."

"வந்தது வந்தீங்க. ஒரு கல்ல வச்சு, விளக்க வச்சு, மொறையா வைக்க வேண்டியதுதான?"

"ஒன்கிட்டச் சொல்லாம எப்படி வைக்க? ஒன்கிட்டச் சொல்லவும் தைரியம் வரல. டப்பாவ ஒளிச்சு வச்சா நீ எப்படியும் கண்டுபிடிச்சிருவ. அதான் கால் படாத எடமா, கறிவேப்பிலை மூட்டுல..."

மேலே அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கறிவேப்பிலை மூடு, அந்த மரத்தடி. சந்தைக்குப் போய் மீன் வாங்கி வரும் ஒவ்வொரு நாளும், கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் நான் எங்கே ஊற்றுகிறேன்? கறிவேப்பிலைக்கு அதைவிட நல்ல உரம் இல்லை என்று யார்தான் சொல்லவில்லை? வாரத்துக்கு மூன்று நாள். சில வாரம் நாலு. செதில், குடல் எல்லாம் சேர்த்து. சாஸ்தாவோ சுத்த சைவம். கிடா வெட்டெல்லாம் பக்கத்தில் நிற்கிற சுடலைமாடனுக்குத்தான். பங்குனியிலிருந்து மூன்று மாதமாக நான் அந்தச் சாமியின் தலையில் மீன் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

அழுகை வந்துவிட்டது. கயல் வெளியே வந்து, என்ன நடந்ததென்று கேட்டு, அப்பா சொன்னதைக் கேட்டபின், "பரவால்ல லா அம்மா, சாமிக்குத் தெரியும் நீங்க வேணும்னு செய்யலன்னு" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

5

இரண்டு நாள் மீன் வாங்கவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். குளிக்காமல் அந்தப் பக்கம் போகவில்லை. இவ்வளவையும் செய்துகொண்டே உள்ளுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் ஏன் கொடுத்தார்? என் கணவரின் அண்ணனை அத்தான் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். சாது மனிதர். ஆனால் அவர் மகனுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. புது மருமகள் வந்திருக்கிறாள். மாடி அறையை யாருக்கு விட்டிருப்பார்கள்? எங்களை வர வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. சாமியையே கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், அப்புறம் எந்த உரிமையில் போய் நிற்பது? மரியாதையாகக் கழற்றிவிடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சனிக்கிழமை மாலை, அங்கே பொழுது சாய்வதற்கு முன்பே, கணவர் கடைக்குப் போன நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன். அத்தான் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கக் கூடாது. எங்களுக்குப் பிடிமண்ணு குடுத்து விட்டீங்களே, நாங்க அங்க வர வேண்டாம்னுதான?"

அவர் முகம் மாறியது.

"நான் எங்கம்மா குடுத்தேன்? அவனாத்தான கேட்டான்."

"யாரு?"

"ஒன் வீட்டுக்காரன்தான். பூசாரி கையப் பிடிச்சுக்கிட்டு, ஒரு பிடி குடுங்கன்னு நின்னான். எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. என்னடே, கடைசியில அங்கேயே இருந்துரப் போறியான்னு கேட்டேன். மண்ண மஞ்சத் துணியில முடிஞ்சுக்கிட்டு நடந்துட்டான். ஒங்க அக்கா அன்னைக்கு முழுக்கச் சாப்பிடல. மாடி ரூமு பூட்டியேதாம்மா கிடக்கு. கல்யாணத்துக்கு வந்த ஆளுகளைக்கூட அதுல படுக்க விடல. செல்வி வந்துருவான்னு இவதான் தெறக்க மாட்டேன்னுட்டா."

என்ன பேசி வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

6

கணவர் ரொட்டியோடு வந்தார். நான் கத்தவில்லை.

"அத்தான் குடுக்கலையாம். நீங்கதான் கேட்டு வாங்குனீங்களாம்."

ரொட்டியை மேசையில் வைத்தார்.

"ஆமா."

"ஒங்களுக்கு ஊருக்குப் போகப் பிடிக்கலன்னா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? அண்ணன் மேல ஏன் பழியப் போட்டீங்க?"

"எனக்குப் பிடிக்கலன்னு யாரு சொன்னா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நான் ரெண்டு தடவ ராஜினாமாக் கடிதம் எழுதினேன் செல்வி. ரெண்டு தடவையும் யாரு கிழிச்சா?"

இதை இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதியதே இல்லை. நான்தான் கிழித்தேன்.

முதல் தடவை, கயலின் படிப்பு நடுவில் கெடும் என்று சொல்லிக் கிழித்தேன். இரண்டாவது தடவை என்ன சொன்னேன் என்பதுகூட மறந்துவிட்டது. ஆனால் உண்மைக் காரணம் மறக்கவில்லை. அந்த வாரம்தான் எனக்கு இங்கே கார் ஓட்ட லைசென்ஸ் கிடைத்தது. மறுநாள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கடற்கரை வரை போய், ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கே போனாய், யாரோடு போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. ஊரில் பேருந்து நிறுத்தத்துக்குப் போவதென்றாலும் மூன்று பேரிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவேன். அவர்கள் நல்லவர்கள்தான், அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த அன்பான கேள்விக்குத் திரும்பிப் போக எனக்கு மனசில்லை. அதை வெளியே சொன்னால் நான் என்ன பொம்பளை என்பீர்கள் என்று பயந்து, போகப் போகிறோம் போகப் போகிறோம் என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இந்த வருஷக் கடைசியிலயும் நீ ஒரு காரணம் சொல்லுவ," என்றார் அவர். "எனக்கு அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்க முடியல. கோயில்ல நின்னப்ப, இனி நாம எங்க போயிக் கும்பிடுவோம்னு தோணுச்சு. கேட்டுட்டேன். ஒன்னைக் குத்தம் சொல்லக் கூடாதுன்னுதான் அண்ணன் பேரச் சொன்னேன்."

கொல்லையில் பூத்த நாளிலிருந்து முனியாண்டி அண்ணன், சீன அம்மா, நகராண்மை, கணவர், அத்தான், அவர் வீட்டுப் புது மருமகள் என்று அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், ஓர் ஆளை மட்டும் விட்டுவிட்டேன்.

7

நேற்று முனியாண்டி அண்ணன் புல் வெட்ட வந்தார். அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அங்கே நாங்கள் கல் ஒன்று வைத்து விளக்கேற்றியிருந்ததைப் பார்த்தார். இயந்திரத்தை அணைத்துக் கீழே வைத்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"பிடிமண்ணா அக்கா? எங்க தோட்டத்துக் கோயிலும் அப்படித்தான் வந்துச்சாம்."

"ஆமாண்ணே."

கும்பிட்டுவிட்டு, நெருஞ்சி குத்தாமல் பார்த்துப் பின்வாங்கினார். பூட்ஸை மாட்டிக்கொண்டே, ஒரு வேலை விஷயம் போலத்தான் கேட்டார்.

"வருஷக் கடைசியில நீங்க ஊருக்குப் போயிட்டா, விளக்கு யாருக்கா வைப்பாங்க? புதுசா குடி வர்றவங்க என்ன ஆளுங்களோ. சாமியை அப்படி விட்டுட்டுப் போகக்கூடாது லா."

விசா முகப்பில் சொல்கிற மாதிரி, இன்னும் இரண்டு வருஷம் என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. கல்லைப் பார்த்தேன். பொய் வரவில்லை.

"நாங்க போகலண்ணே. நான்தான் போகல."

"அப்ப சரி," என்று அவர் இயந்திரத்தை இழுத்துக் கிளப்பினார்.

அந்த இரைச்சலில் வீட்டுக்குள் யாருக்கும் கேட்டிருக்காது. என் கணவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஆச்சரியப்பட மாட்டார் என்பதில்தான் எனக்குக் கோபம். ஊரில் பூட்டிய அறைக்கு வெளியே காத்திருக்கிற அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.